தெளிவு என்பது இன்மையா?

கணினி வரைகலை பயிலத் தொடங்கிய மாணவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். பந்து, பெட்டி, நாற்காலி முதலியவற்றைத் திரையில் வடிக்க அவன் பழகிவிட்டான். செங்கல்லுக்குச் செந்நிறமும் இலைக்குப் பச்சை நிறமும் கொடுக்கத் தெரிந்துகொண்டான். அடுத்த பாடம், மேசைமீது வைத்த ஒரு கண்ணாடித் தம்ளர். அதன் வடிவத்தை எளிதில் அமைத்துவிடுகிறான். பிறகு வழக்கம்போல் நிறப்பட்டியலைத் திறக்கிறான். அங்கேயே திகைத்து நிற்கிறான். கண்ணாடிக்கு என்ன நிறம்?

வெண்மை கொடுத்தால் அது பீங்கானாகிவிடுகிறது. சாம்பல் நிறம் கொடுத்தால் ஈயமாகிவிடுகிறது. வெளிர்நீலம் கொடுத்தால் பிளாஸ்டிக் பொருளாகத் தெரிகிறது. நிறமே இல்லாத ஒரு பொருளை நிறத்தால் எப்படிக் காட்டுவது? தொடக்க நிலை மாணவனின் தொழில்நுட்பச் சிக்கலாக மட்டுமே இக்கேள்வி தோன்றலாம். ஆனால் சற்று ஆழ்ந்து நோக்கினால், நம் தரிசனங்கள் நெடுங்காலம் ஆராய்ந்த ஒரு வினா இதனுள் இருப்பதைக் காணலாம். தனக்கென்று எதையும் காட்டிக்கொள்ளாத ஒன்றுக்கு இயல்பு என்று ஒன்று உண்டா? தெளிவு என்பது ஒரு பண்பா, அல்லது பண்புகள் ஏதும் இல்லாத வெறுமையா?

இந்த வினாவுக்கு நாம் தரும் விடை, வாழ்க்கையில் நாம் எப்படிப்பட்ட மனிதராக இருக்க முயல்கிறோம் என்பதையும் தீர்மானிக்கிறது.

முதல் தவறு

திகைத்து நின்ற மாணவன் விரைவில் ஒரு வழியைக் கண்டுபிடிக்கிறான். மென்பொருளில் 'ஆல்ஃபா' என்றோர் அளவு உண்டு. அது 1 என்றிருந்தால் பொருள் முழுமையாகத் தெரியும். 0 என்றிருந்தால் அறவே தெரியாது. மாணவன் அதை 0.2 என்று குறைக்கிறான். தம்ளருக்குப் பின்னால் இருக்கும் சுவர் உடனே தெரியத் தொடங்குகிறது. கண்ணாடி வந்துவிட்டது என்று மகிழ்கிறான்.

ஆனால் படத்தை மீண்டும் பார்க்கும்போது மனம் ஏற்க மறுக்கிறது. அங்கே இருப்பது கண்ணாடி அன்று, தம்ளரின் ஆவி. பின்னால் உள்ள சுவரின் கோடுகள் அதனூடே வளையாமல் நெளியாமல் அப்படியே தெரிகின்றன. விளிம்புகளில் ஒளி திரளவில்லை. சன்னலின் பிம்பம் அதன் மேனியில் விழவில்லை. அது மேசைமீது நிற்கிறது என்ற நம்பிக்கையே பார்ப்பவருக்கு ஏற்படுவதில்லை.

அவன் செய்த தவறு என்ன? தெளிவாக இருப்பதும் குறைவாக இருப்பதும் ஒன்றே என்று அவன் எண்ணிவிட்டான். ஒரு பொருளின் இருப்பில் எண்பது விழுக்காட்டை நீக்கிவிட்டால், மீதமிருப்பது தெளிந்த பொருளாக இருக்கும் என்று கணக்கிட்டான். ஆனால் உண்மையான கண்ணாடி குறைவாக இருக்கும் பொருள் அன்று. செங்கல்லைப் போலவே அதுவும் முழுமையாக இருக்கிறது. அதற்கு எடை உண்டு, கடினம் உண்டு, கனம் உண்டு. ஒளியை நடத்தும் விதத்தில் மட்டுமே அது செங்கல்லிலிருந்து வேறுபடுகிறது.

ஒளியை நடத்தும் விதி

அந்த விதத்தை மனிதன் அறிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் ஒளி திசை மாறுகிறது. அம்மாற்றம் மனம் போனபடி நிகழ்வதன்று, ஒரு விகிதத்துக்குக் கட்டுப்பட்டது என்பதை 984-ஆம் ஆண்டளவில் பாக்தாதைச் சார்ந்த இப்னு சால் அறிந்திருந்தார். 1621-இல் ஹாலந்து நாட்டின் ஸ்நெல் அதே விதியைத் தனியே கண்டறிந்தார். 1637-இல் டேக்கார்ட் அதை நூலில் வெளியிட்டார். ஒளிவிலகல் எண் என்று அறிவியல் இதனைக் குறிப்பிடுகிறது. சாதாரணக் கண்ணாடிக்கு அது ஏறத்தாழ 1.5, நீருக்கு 1.33, வைரத்துக்கு 2.42. வெட்டவெளியில் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, கண்ணாடிக்குள் ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. அந்த வேறுபாட்டின் அளவையே இந்த எண் கூறுகிறது.

மற்றொரு விதியும் உண்டு. எவ்வளவு தெளிந்த கண்ணாடியாயினும், தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியே தீரும். எந்தக் கோணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதற்கான சமன்பாடுகளை பிரெஞ்சு அறிஞர் ஃபிரெனல் 1823-இல் வகுத்தார். நேராக விழும் ஒளியில், ஒரு பரப்பில் சுமார் 4 விழுக்காடு திரும்புகிறது. 60 பாகைச் சாய்வில் அது 9 விழுக்காடு ஆகிறது. 80 பாகையில் ஏறத்தாழ 39 விழுக்காடு. பரப்பை உரசிச் செல்லும் அளவுக்குச் சாய்ந்துவிட்டால், கண்ணாடி முற்றிலும் முகம் பார்க்கும் ஆடியாகவே ஆகிவிடுகிறது.

ஒளி வளைவதையும் திரும்புவதையும் கணினிக்குக் கற்பித்து, நம்பத்தகுந்த ஒரு கண்ணாடிக் கோளத்தை முதன்முதலில் உலகுக்குக் காட்டியவர்களுள் முக்கியமானவர் டர்னர் விட்டட். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1980-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரையில் ஒரு படம் இடம்பெற்றது. சிவப்பும் மஞ்சளும் கலந்த கட்டங்கள் கொண்ட தளத்துக்கு மேலே இரண்டு கோளங்கள். அவற்றுள் ஒன்று கண்ணாடி. அந்த ஒரு படத்தைக் கணக்கிட அக்காலக் கணினிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அந்தக் கோளத்துக்கு விட்டட் நிறம் தீட்டவில்லை. கோளத்தின் வழியே வரும் ஒவ்வொரு கதிரும் எங்கெங்கு திரும்பி, எதைத் தொட்டது என்பதை மட்டுமே கணக்கிட்டார். கண்ணாடி தானே தோன்றியது.

இன்றைய மாணவனுக்கு இவை அனைத்தும் ஒரு பொத்தானில் கிடைக்கின்றன. 2002 முதல் கட்டற்ற மென்பொருளாக வழங்கும் பிளெண்டர் போன்றவற்றில், ஒளி ஊடுருவும் அளவை முழுமையாக்கி, சொரசொரப்பைப் பூஜ்யமாக்கி, ஒளிவிலகல் எண்ணை 1.5 என்று இட்டால் போதும். ஆயினும் அதன் பிறகும் அவனுடைய தம்ளர் ஏமாற்றமே தருகிறது. கறுத்து வெறிச்சோடிக் கிடக்கிறது. ஏன்? சுற்றிலும் ஒன்றுமே இல்லை. மேசையும் தம்ளரும் மட்டும் இருக்கும் இருண்ட வெளியில், கண்ணாடி எதைக் காட்டும்? சன்னல் ஒன்றை அமைத்து, பின்னால் ஒரு சுவரை எழுப்பி, வானத்தின் ஒளியைக் கொண்டுவந்த பிறகே தம்ளர் உயிர்பெறுகிறது. கண்ணாடியை வரைய வேண்டுமானால், கண்ணாடியைத் தவிர்த்த அனைத்தையும் முதலில் வரைய வேண்டும். அனுபவம் அவனுக்குக் கற்பிக்கும் இரண்டாவது பாடம் இது.

கண்ணிலிருந்து புறப்படும் கதிர்

விட்டட் கையாண்ட முறையில் வியப்புக்குரிய ஒரு தலைகீழ் மாற்றம் உள்ளது. விளக்கிலிருந்து புறப்படும் ஒளி, பொருள்களில் பட்டுக் கண்ணை அடைகிறது என்பதே இயற்கையின் முறை. ஆனால் விளக்கு வீசும் எண்ணற்ற கதிர்களில் மிகச் சிலவே கண்ணை வந்தடைகின்றன; எல்லாவற்றையும் பின்தொடர்வது வீண். ஆகவே கணினி, கண்ணிலிருந்து கதிரை வெளியே அனுப்புகிறது. அது கண்ணாடியில் நுழைந்து, வளைந்து, வெளியேறி, சுவரைத் தொட்டு, அங்கே என்ன நிறம் என்று அறிந்து வருகிறது. போன வழியே திரும்பும் இயல்பு ஒளிக்கு இருப்பதால் இந்தக் கணக்குப் பிழையாவதில்லை.

இதைக் கேட்கும்போது, நம் நியாய தரிசனத்தைப் பயின்றவர்கள் புன்முறுவல் செய்வார்கள். கண்ணின் ஒளி வெளியே சென்று பொருளைத் தொட்டே காட்சி உண்டாகிறது என்பது நையாயிகர்களின் கொள்கை. நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் இதற்கு ஓர் ஆட்சேபம் எழுப்பப்படுகிறது. கண் பொருளைச் சென்று தொட்டுத்தான் அறிகிறது என்றால், கண்ணாடி, அப்ரகம், ஸ்படிகம் ஆகியவற்றுக்குப் பின்னால் மறைந்துள்ள பொருள் எப்படித் தெரிகிறது? அந்தத் தடையை அது எவ்வாறு கடந்தது? இதற்கு நையாயிகர் தரும் விடை, சுவர் தடுப்பதுபோல் ஸ்படிகம் தடுப்பதில்லை என்பது. ஸ்படிகத்துக்கு அப்பால் வைத்த பொருளைச் சூரியனின் கதிர் சென்று சுடுவதை அவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள்.

கண்ணிலிருந்து ஒளி புறப்படுகிறது என்ற கருத்தை இயற்பியல் ஏற்கவில்லை. பதினோராம் நூற்றாண்டிலேயே இப்னு அல்-ஹைதம் அதை வலுவாக மறுத்துவிட்டார். எனவே கணினியின் கணக்கு முறை நையாயிகர்களின் கொள்கையை மெய்ப்பித்துவிட்டது என்று கூறுவது அறிவுக்குப் பொருந்தாது. ஆனால் அந்த விவாதத்தில் நமக்கு உதவும் வேறொரு கருத்து இருக்கிறது. முகம் பார்க்கும் ஆடியையும் நீரையும் பற்றிப் பேசும் இடத்தில், தெளிவு என்பதை அவற்றின் ஸ்வபாவமாக, சொந்த இயல்பாக, அச்சூத்திரம் குறிப்பிடுகிறது. ஒன்று விடுபட்டதால் ஆடி தெளிவாக இல்லை. தெளிவே அதனிடம் உள்ள ஒன்று. திரையின்முன் அமர்ந்த மாணவன் தவறு செய்து கற்றுக்கொண்டதும் இதுவே. தெளிவு இன்மை அன்று. அது ஓர் இயல்பு.

அந்த இருள் யாருடையது?

மாணவனின் அடுத்த சோதனை இன்னும் நுட்பமானது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தம்ளர்களை வைக்கிறான். முதல் தம்ளர் அழகாக இருக்கிறது. அதனூடே தெரியும் இரண்டாவது தம்ளர் கரிபடிந்ததுபோல் கறுத்திருக்கிறது. எந்தத் தம்ளரிலும் அவன் கறுப்பு நிறத்தை வைக்கவில்லை. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

ஒரு தம்ளரைக் கடந்து செல்லும் கதிர் நான்கு முறை பரப்பைக் கடக்கிறது. வெளிச்சுவரில் நுழைந்து, உட்சுவரில் வெளியேறி, எதிர்ப்புறத்து உட்சுவரில் மீண்டும் நுழைந்து, வெளிச்சுவரில் வெளியேறுகிறது. மூன்று தம்ளர்களுக்குப் பன்னிரண்டு முறை. கணினியோ முடிவின்றிப் பின்தொடர்ந்துகொண்டிருக்க முடியாது. இத்தனை முறைதான் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பு நான்கு என்று இருந்தால், முதல் தம்ளரைக் கடப்பதற்குள் கணக்குத் தீர்ந்துவிடும். கதிர் எதையும் தொடாமலே தேடல் நின்றுவிடும். தேடல் நின்ற இடத்தில் கணினி கறுப்பை நிரப்புகிறது.

ஆகவே அந்த இருள் கண்ணாடியில் இல்லை. பார்ப்பவன் பாதி வழியில் நின்றுவிட்டதன் அடையாளம் அது. வரம்பை உயர்த்தினால் இருள் நீங்கிவிடுகிறது. கண்ணாடியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பிறருடைய மனத்தை ஓர் அடி, இரண்டு அடி பின்தொடர்ந்துவிட்டு, 'அங்கே இருள்தான் இருக்கிறது' என்று தீர்ப்புக் கூறுவது நம் அன்றாட வழக்கம். பல நேரங்களில் நாம் கண்ட இருள் அவர்களுடையதன்று. நம்முடைய பொறுமையின் எல்லை.

பளிங்கும் செம்பருத்தியும்

கண்ணாடியின் இந்த இயல்பை நம் முன்னோர் நன்கு கவனித்திருக்கிறார்கள். தன் அருகில் உள்ளதைப் பளிங்கு காட்டும் இயல்பை வள்ளுவர் முகத்துக்கு உவமையாக்கினார். தூய மணி, தான் சார்ந்த பொருளின் வண்ணம் பெறுவதைப் பதஞ்சலி, ஒருமுகப்பட்ட மனத்துக்கு ஒப்பிட்டார். செம்பருத்தியின் அருகில் வைத்த ஸ்படிகம் சிவந்து தோன்றுவதைச் சாங்கியரும் அத்வைதிகளும் எடுத்துக்காட்டினர். நீலத்துணியைச் சார்ந்த ஸ்படிகம் நீலமாகத் தோன்றுவதை ஆத்மபோதம் கூறுகிறது. சிவப்போ நீலமோ ஸ்படிகத்துக்கு உரியதன்று. அருகில் உள்ள உபாதியால் வந்தது. உபாதி நீங்கினால் நிறமும் நீங்கும். ஸ்படிகம் என்றும் களங்கப்படவில்லை. அதுபோலவே இன்பமும் துன்பமும் ஆன்மாவின்மேல் ஏற்றப்பட்ட தோற்றங்கள் என்பது அதன் கருத்து.

இந்த உவமையைத் திரையில் அமைத்துப் பார்க்கும் மாணவனுக்கு மற்றொரு செய்தியும் கிடைக்கிறது. ஸ்படிகக் கோளத்துக்குப் பின்னால் செம்பருத்தியை வைத்தால், கோளம் சிவப்பை மட்டும் ஏற்கவில்லை. சற்றுத் தொலைவில் உள்ள மலரைத் தலைகீழாகக் காட்டுகிறது. பட்டை தீட்டிய ஸ்படிகம் ஒரு மலரைப் பல மலர்களாக்குகிறது. மெல்லிய குமிழி போன்ற கோளமோ மலரை ஏறத்தாழ உள்ளபடியே காட்டுகிறது. சிவப்பு மலருடையது; ஆனால் அது தோன்றும் விதம் ஸ்படிகத்தினுடையது. எனவே முற்றிலும் தெளிந்த ஸ்படிகத்துக்கும் தன்னுடையது என்று ஒன்று இருக்கிறது. அது நிறம் அன்று. ஒளியை வளைக்கும் விதம்.

இதனால் உவமை பிழையாகிவிடுமா? ஆகாது. உவமை, எதை விளக்க எடுக்கப்பட்டதோ அந்த ஒரு கூற்றில் மட்டுமே பொருந்தும் என்பது நம் நூல்களை விளக்குவோர் ஏற்ற மரபு. ஆன்மாவின் களங்கமின்மையை உணர்த்துவதற்கு ஸ்படிகம் போதும். ஆனால் ஸ்படிகத்தை அதன் எல்லா இயல்புகளுடனும் எடுத்துக்கொண்டால், பதஞ்சலி காட்டியதுபோல் அது மனத்துக்கே மிகவும் பொருந்துகிறது. மனம் எவ்வளவு தூய்மை அடைந்தாலும் அதற்கு ஒரு வடிவம் உண்டு, வளர்ந்த சூழல் உண்டு, கற்ற மொழி உண்டு. வரும் ஒளியை அது ஏதோ ஒரு விதத்தில் வளைக்கவே செய்யும். வளைக்காத மனம் என்று ஒன்று இல்லை. தன் வளைவை அறிந்த மனமும் அறியாத மனமுமே உள்ளன.

மொழிபெயர்ப்பாளனின் நிலையை இங்கே எண்ணிப் பார்க்கலாம். அவன் கண்ணாடிபோல் இருக்க வேண்டும், மூலமே அவனூடே தெரிய வேண்டும் என்று கூறப்படுவதுண்டு. தன் விருப்பு வெறுப்புகளை மூலத்தின்மேல் பூசுபவன், கண்ணாடிக்கு வண்ணம் தீட்டுபவனைப் போன்றவன். அவன் தவறு எளிதில் தெரிந்துவிடும். ஆனால் 'நான் இல்லவே இல்லை' என்று கூறிக்கொண்டு சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு விலகுபவனும் தவறே செய்கிறான். ஆல்ஃபாவைக் குறைத்த மாணவனைப் போன்றவன் அவன். அவன் வாசகனிடம் சேர்ப்பது மூலத்தின் ஆவியை மட்டுமே. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குள் நுழையும் பொருள் திசை மாறியே நுழைகிறது. அந்த மாற்றத்தை ஒரே அளவில், ஒழுங்குக்கு உட்பட்டு, தன் வசதிக்காக வளைக்காமல் நடத்துபவனே தெளிந்த கண்ணாடி. அதற்கு அவன் அங்கே முழுமையாக இருந்தாக வேண்டும்.

நேர்நின்று நோக்கல்

கண்ணாடியிடம் குறையே இல்லாதபோதும் பார்ப்பவன் அதனூடே காணத் தவறலாம். ஏரிக்கரையில் நின்று காலடியில் உள்ள நீரைக் குனிந்து பார்த்தால் மணலும் மீனும் தெரிகின்றன. தொலைவில் உள்ள நீரைச் சாய்வாகப் பார்த்தால் வானம் மட்டுமே தெரிகிறது. நீர் ஒன்றே, நோக்கும் கோணம் வேறு. ஃபிரெனல் சமன்பாடு கூறுவது இதைத்தான்.

இரவில் விளக்கேற்றிய அறையில் அமர்ந்து சன்னல் கண்ணாடியைப் பார்த்தால் நம் முகமே தெரிகிறது. பகலில் அதே கண்ணாடியில் தெரு தெரிகிறது. கண்ணாடி பகலிலும் இரவிலும் ஒரே அளவு ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. இரு பரப்புகளுக்கும் சேர்த்து எட்டு விழுக்காடு அளவே. ஆனால் வெளியே இருள் சூழ்ந்து உள்ளே மட்டும் வெளிச்சம் இருக்கும்போது, அந்த எட்டு விழுக்காடே முழுக் காட்சியாகிவிடுகிறது. பிறரை நோக்கும்போது நம் முகமே திரும்பத் திரும்பத் தெரிந்தால், அவர்களை மாற்ற முயல்வதற்கு முன் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் அறையின் விளக்கைச் சற்றுத் தணிக்கலாம்.

இல்லாமல்போவது பணிவாகுமா?

இப்போது நாம் தொடங்கிய வினாவுக்கு வருவோம். 'தன்னை அழித்துக்கொள்', 'நான் என்பதை விடு' என்ற அறிவுரைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவை உயர்ந்த அறிவுரைகள். ஆனால் அவற்றை ஆல்ஃபாவைக் குறைப்பதாகப் புரிந்துகொள்ளும் ஆபத்து எப்போதும் இருக்கிறது.

ஒரு சேவை அமைப்பின் கூட்டம் நடைபெறுகிறது என்று கொள்வோம். கணக்கில் தவறு இருக்கிறது. அதை அறிந்த ஒருவர் பேசாமல் இருக்கிறார். 'எனக்கென்று கருத்து எதுவும் இல்லை. எல்லோரும் சொல்வதே என் கருத்து' என்கிறார். தம் அகந்தை தேய்ந்துவிட்டது என்று நம்புகிறார். உண்மையில் தேய்ந்தது அகந்தையா? அவருடைய இருப்பே தேய்ந்துவிட்டது. அவர்மேல் விழும் உண்மை திசை மாறுவதும் இல்லை, திரும்பி வருவதும் இல்லை. அவர் அங்கே இல்லாதிருந்தால் எப்படியோ அப்படியே கடந்து போகிறது. அவர் இருந்தும் அந்த அவையில் எதுவும் மாறவில்லை.

கண்ணால் காண முடியாமை இரு வகைப்படும். போரோசிலிகேட் எனும் வெப்பம் தாங்கும் கண்ணாடியால் ஆன கோலைக் கிளிசரினில் அமிழ்த்தினால், அது மறைந்துவிடுகிறது. இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் ஏறத்தாழ 1.47 என்பதே காரணம். எல்லைக்கோடே தெரிவதில்லை. ஆனால் விரலால் தொட்டால் கோல் அங்கேயே இருக்கிறது. அதைக் கொண்டு கலக்கினால் திரவம் சுழல்கிறது. தன் சூழலோடு முற்றிலும் ஒன்றிவிட்டதால் தெரியாமல் இருப்பது ஒன்று. இல்லாததால் தெரியாமல் இருப்பது வேறொன்று. சிறந்த தொண்டர்கள் முதல் வகையினர். அவர்கள் தெரிவதில்லை, ஆனால் அவர்கள் விலகிய மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

தான் ஒன்றுமே செய்யவில்லை என்று கண்ணாடி எண்ணிக்கொள்ளவும் முடியாது. வெயிலில் வைத்த தம்ளரின் நிழலைக் கவனித்தால், அதனுள் ஒளிக்கோடுகள் நெளிவதைக் காணலாம். நிழலில் குறைந்த ஒளியே வேறிடத்தில் கோடுகளாகத் திரண்டிருக்கிறது. கண்ணிலிருந்து கதிரை அனுப்பும் எளிய முறைக்கு இந்த ஒளிக்கோடுகள் எளிதில் அகப்படுவதில்லை. அதனால்தான் தொண்ணூறுகளின் நடுவில் ஹென்ரிக் வான் ஜென்சன், விளக்கிலிருந்தும் ஒளித்துகள்களை அனுப்பி அவை விழும் இடங்களைக் குறித்துக்கொள்ளும் முறையை வகுத்தார். பார்ப்பவன் பக்கத்திலிருந்து மட்டும் ஆராய்ந்தால், ஒரு பொருள் பிறர்மேல் என்ன விளைவிக்கிறது என்பது முழுமையாகத் தெரிவதில்லை.

அவ்விளைவு சில வேளை கடுமையாகவும் இருக்கும். லண்டனின் ஃபென்சர்ச் தெருவில் எழுந்த உயர்ந்த கட்டிடத்தின் உட்குழிந்த கண்ணாடிச் சுவர், 2013-இல் வெயிலைத் தெருவின் ஓரிடத்தில் குவித்தது. அங்கே நிறுத்தியிருந்த காரின் பாகங்கள் உருகிச் சேதமடைந்தன. அடுத்த ஆண்டில் சுவரின்மேல் ஒளிமறைப்புத் தகடுகளைப் பொருத்த வேண்டியதாயிற்று. அந்தச் சுவர் தன்னுடைய தீ எதையும் மூட்டவில்லை. வந்த ஒளியைத் திருப்பியது, அவ்வளவே. ஆனால் எங்கே திருப்பினோம் என்பதற்குப் பொறுப்பு உண்டு. 'நான் கேட்டதைத்தான் சொன்னேன்' என்று கூறுபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னாலும், எந்த இடத்தில், யார்மேல், எவ்வளவு குவித்து என்பது சொன்னவரையே சாரும்.

அலுவலகங்களின் கண்ணாடிக் கதவுகளில் கண் மட்டத்தில் ஒரு பட்டையையோ சில புள்ளிகளையோ ஒட்டி வைப்பதை நாம் பார்க்கிறோம். வருபவர்கள் கதவு இருப்பதை அறியாமல் மோதிக்கொள்ளக் கூடாது என்பதே நோக்கம். தெளிந்தவனும் தான் நிற்கும் இடத்தைப் பிறர் அறியும்படி ஒரு குறி வைத்திருப்பது அன்பின்பாற்பட்டது. எதற்கு இணங்குவான், எதற்கு இணங்கமாட்டான் என்பது பிறருக்குத் தெரியாமல் இருப்பது பணிவு அன்று. அது பிறரைக் காயப்படுத்தும்.

விளிம்பில் தெரியும் ஒளி

மாணவனின் தம்ளர் ஏறத்தாழ நிறைவடைந்துவிட்டது. விதிகள் சரியாக உள்ளன, சூழல் இருக்கிறது, கதிர்கள் போதிய தூரம் செல்கின்றன. இன்னும் ஏதோ ஒன்று குறைகிறது. அனுபவம் மிக்க ஆசிரியர் அருகில் வந்து பார்த்துவிட்டு, "விளிம்பு கத்திபோல் இருக்கிறதே! சற்று மழுங்கச் செய்" என்கிறார். கணிதத்தின் விளிம்புக்குத் தடிப்பு இல்லை. ஆகவே அதில் ஒளி தங்குவதில்லை. உலகில் உள்ள எந்தக் கண்ணாடிக்கும் அப்படிப்பட்ட விளிம்பு கிடையாது. மாணவன் விளிம்பை மயிரிழை அளவு வளைவாக்குகிறான். உடனே தம்ளரின் வாயைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளிவளையம் தோன்றுகிறது. அடுத்து, மேனியில் விரல்பட்ட தடம் ஒன்றை இலேசாக வைக்கிறான். இப்போது பார்ப்பவர் எவரும் அது கண்ணாடிதானா என்று கேட்பதில்லை.

திரையில் தம்ளர் இல்லை என்பது உண்மையே; எண்களே உள்ளன. அப்படியானால் இவ்வளவு உழைப்பும் ஒரு பொய்யைச் சமைக்கவா? அவ்வாறு கூறிவிட முடியாது. பொருள் தோற்றமே ஆயினும், அதில் இயங்கும் விதி மெய். கண்ணாடியைப் போலத் தோன்றச் செய்ய அவன் குறுக்குவழி தேடியவரை கண்ணாடி வரவில்லை. ஒளி எவ்வாறு நடக்கிறதோ அதற்குப் பணிந்தபோதே வந்தது. நல்லவனாகத் தோன்ற முயல்வதற்கும் நல்லதன் விதிக்குப் பணிவதற்கும் உள்ள வேறுபாடும் இதுதான்.

நிறம் எது என்று கேட்டுத் தொடங்கினான் அந்த மாணவன். நிறப்பட்டியலில் அவனுக்கு விடை கிடைக்கவில்லை. கண்ணாடியிடம் இருந்தவை வேறு: உறுதியான உடல், மாறாத ஒரு விதி, ஒளி தங்கும் விளிம்பு. இம்மூன்றும் இருந்தபோது நிறம் தேவைப்படவில்லை. அறை முழுவதும் அதனூடே தெரிந்தது.

தெளிவை நாடும் மனிதனும் தன்னைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியதில்லை. தன்மேல் அவன் பூசிக்கொண்ட வண்ணங்களைக் கழுவினால் போதும். அவனுடைய எடையும் உறுதியும் விளிம்பும் அப்படியே இருக்கட்டும். ஒளி அவனுள் நுழைந்து பிறரைச் சென்றடைவதற்கு அவை தேவை.